வீட்டெல்லைக்குள் ஓர் ஒலிபரப்பு

வானொலிப் பெட்டி வீட்டிற்கு ஒன்றே என்றிருந்த காலம் ஒன்றுண்டு. அது கூடத்து மேசையிலே, பூவேலை செய்த துணியுறையின் கீழ், வீட்டுப் பெரியவரைப்போல வீற்றிருக்கும். அடுப்படியில் நிற்பவர் செய்தி கேட்க விரும்பினால் ஒலியைக் கூட்டவேண்டும். கூட்டினால் பாடம் படிக்கும் பிள்ளைக்கு இடையூறு. குறைத்தால் அடுப்படிக்கு நட்டம். இந்தச் சிறு வழக்கு எத்தனையோ வீடுகளில் மாலைதோறும் நடந்து, தீர்ப்பின்றி ஒத்திவைக்கப்பட்டதுண்டு.

அவ்வழக்கைத் தீர்க்கவல்ல கருவியொன்று இன்று நெருப்புப்பெட்டியளவிற் கிடைக்கின்றது. வானொலியிலிருந்தோ கணினியிலிருந்தோ கைத்தொலைபேசியிலிருந்தோ வரும் ஒலியை அதனுட் செலுத்தினால், அது அவ்வொலியை மிக நலிந்த எப். எம். அலையாக மாற்றி வீட்டினுள்ளே பரப்பும். அடுப்படியிலும் பின் விறாந்தையிலும் கிணற்றடியிலும் உள்ள சிறு வானொலிப் பெட்டிகள் ஏனைய நிலையங்களைப் பற்றுவதுபோலவே அதனையும் பற்றி ஒலிக்கும். சுருங்கக்கூறின், வீட்டுக்காரர் தம் வீட்டளவிற்கு ஒரு வானொலி நிலையத்தை நடத்துகின்றார்.

காண்பதற்கு விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும் இக்கருவிக்குப் பின்னால் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு முழுவதையும் ஊடுருவி நிற்பது ஒரே வினாவாகும். வீட்டிற்குள் எழும் அலை வேலி கண்டு நிற்பதில்லை. மணம்போல அயலுக்கும் பரவும். அவ்வாறாயின், எவ்விடம்வரை அது வீட்டுக்காரரின் சொந்தக் காரியம், எவ்விடத்திலிருந்து அது அரசின் அநுமதிக்குரிய பொதுக் காரியம்? இவ்வினாவிற்கு அமெரிக்கா ஒரு விடையும், பிரித்தானியா வேறொரு விடையும், யப்பான் பிறிதொரு விடையும் கூறின. விடைகள் யாவும் எண்களாய் இருந்தன. எண்களுக்குப் பின்னாலோ மனிதர் இருந்தனர்.

ஒலிபரப்பு என்னும் கலையே சிற்றறைகளிற் பிறந்தது என்பதை முதற்கண் நினைவுகூர்தல் தகும். இலங்கையே அதற்குச் சான்று. 1921 ஆம் ஆண்டு தந்திக் கந்தோரின் தலைமைப் பொறியியலாளராகக் கொழும்புக்கு வந்த எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர் வானொலியில் தீராத ஆர்வம் உடையவர். 1923 இல் கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசை பரிசோதனையாக ஒலிபரப்பப்பட்டது. அதற்குப் பயன்பட்ட கருவி, முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக்கொண்டு திணைக்களப் பொறியியலாளர் கோத்தமைத்தது என்று இலங்கை ஒலிபரப்பின் வரலாறு கூறும். கப்பல்களை மூழ்கடிக்கச் சென்ற கலத்தின் உறுப்புக்கள் பாட்டிசைக்க வந்தன. 1925 டிசெம்பர் 16 ஆந் திகதி ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று.

பின்னர் வந்தது பெருமையின் காலம். இரண்டாம் உலகப் போரை ஒட்டி, தென்கிழக்காசியப் படையினருக்காகக் கொழும்பின் வடக்கே ஏக்கலையில் நிறுவப்பட்ட சிற்றலைக் கருவியின் ஆற்றல் 100 கிலோவாற்று. கடல் கடந்து கேட்கும் குரலே சிறந்த குரல் என்ற எண்ணம் எல்லா நாடுகளிலும் வேரூன்றியது அக்காலத்தில்தான். அதே காலத்தில், எவரும் பெரிதாக மதியாத வேறொரு கிளை வீட்டுக் கூடங்களில் துளிர்த்துக்கொண்டிருந்தது.

அது துளிர்த்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். காலம் 1930 களின் பிற்பகுதி. பொருளாதார மந்தத்தால் இசைத்தட்டு வணிகம் நலிந்திருந்தது. மக்களின் வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்தது. கிராமபோன் பழுதாகி மூலையிற் கிடந்தது. வானொலிப் பெட்டிக்குள் ஒலியைப் பெருக்கும் வால்வுகளும் நல்ல ஒலிபெருக்கியும் முன்னமே உள்ளன. ஆதலால் இசைத்தட்டை ஓட்டும் கருவிக்குத் தனியாக அவை வேண்டியதில்லை. தட்டின் ஒலியை எவ்வாறேனும் வானொலிப் பெட்டிக்குட் சேர்ப்பித்தாற் போதும். கம்பி கொண்டு இணைக்கலாம். ஆனால் பெட்டியைக் கழற்றிக் கம்பி பொருத்த எல்லார்க்கும் கைவருமா? இவ்விடத்திற் பொறியியலாளரின் நுண்ணறிவு வேலை செய்தது. தட்டோட்டும் கருவிக்குள் சிறு அலைபிறப்பி ஒன்றை வைத்தனர். ஊசி எழுப்பும் ஒலி அந்த அலைமீது ஏறும். வானொலிப் பெட்டியின் முள்ளை நிலையம் ஏதுமற்ற வெற்றிடமொன்றிற்குத் திருப்பினால் இசை அங்கே தோன்றும். பெட்டி கூடத்திலும் தட்டு அடுத்த அறையிலும் இருக்கலாம். இடையே கம்பி இல்லை. கம்பியில்லா இசைத்தட்டுக் கருவி என்னும் பெயரில் அது கடைகளில் விற்பனையாயிற்று.

1938 இல், அடுத்த ஆண்டுப் பெட்டிகளுடன் பில்கோ நிறுவனம் வெளியிட்ட வியப்பொன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். தொலைபேசியின் சுழல்தட்டைப் போன்ற தட்டொன்று பொருத்திய மரப்பெட்டி; மின்கலத்தால் இயங்குவது. சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அதைச் சுழற்றினால், கூடத்தின் மறுமூலையிலுள்ள பெரிய வானொலி நிலையம் மாற்றும். ஒலி கூட்டும், குறைக்கும். தொலைக்காட்சிக்கு முன்னால் இன்று கையிற் பிடிக்கும் கட்டுப்படுத்தியின் பாட்டனார் இதுவே. இதுவும் ஓர் அலைபரப்பிதான்.

சட்டம் இவற்றை எதிர்பார்க்கவில்லை. அலைபரப்பும் எதற்கும் அநுமதிப் பத்திரம் வேண்டும் என்பதே 1934 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொடர்பாடற் சட்டத்தின் நெறி. அதனை எழுத்துக்கு எழுத்துக் கைக்கொண்டால், கூடத்திலிருந்து பாட்டுக் கேட்கும் குடும்பத் தலைவியும் உரிமம் பெறாத ஒலிபரப்பாளர் ஆகிவிடுவார். அதற்காக வாயிலைத் திறந்துவிட்டால் ஒரு மாடிவீட்டின் இசை மற்றெல்லா மாடிகளிலும் புகுந்துவிடும். 1938 இல் அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு இவ்விக்கட்டுக்கு ஒரு வழி கண்டது. நலிந்த அலைக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் நலிவு இவ்வளவு என அளந்து காட்டப்படல் வேண்டும். ஒரு குறித்த தூரத்தில் அலையின் வலிமை மீற்றருக்கு 15 மைக்ரோவோற்றுக்கு மேற்படலாகாது. அத்தூரமோ எல்லா அலைகளுக்கும் ஒன்றன்று. 157,000 என்னும் எண்ணைக் கிலோசைக்கிளிற் கூறிய மீடிறனால் வகுத்துவரும் அடிகள். மத்திய அலையில் 1000 கிலோசைக்கிள் எனக் கொண்டால் 157 அடி. அதாவது ஏறக்குறைய 48 மீற்றர்.

விந்தையான இவ்வெண்ணுக்குள் ஒரு கருத்து அடங்கியுள்ளது. அத்தூரம் அலைநீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதற்குட்பட்ட வட்டத்தில் அலை இன்னும் தன் தாயைப் பிரியாத குழந்தை. அங்கே தூரம் இருமடங்கானால் வலிமை எட்டில் ஒன்றளவிற்கும் குறைந்துவிடும். அவ்வட்டத்தைத் தாண்டிய பின்னரே அது உண்மையில் உலகிற் புறப்படுகின்றது. அங்கே தூரம் இருமடங்கானால் வலிமை பாதியாகவே குறையும். ஆகவே சட்டம் வகுத்தவர் தம் மனம்போன போக்கில் ஒரு வேலி நாட்டவில்லை. இயற்கை எவ்விடத்தில் வேலி நாட்டியிருக்கின்றதோ அவ்விடத்திலேயே நாட்டினர். சட்டத்தின் வரலாற்றில் இத்தகைய நேர்மை எங்கும் காணக்கிடைப்பதன்று.

ஆயினும் வீடு என்பது யாது என்னும் வினாவை அவ்வெண் தீர்க்கவில்லை. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1936 இல், ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிரௌண் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஏபிரகாம், டேவிட் போர்ஸ்ற் என்னும் மாணவர் இருவர் விடுதி அறைகளுக்கிடையே இசை பரிமாறத் தொடங்கினர். கட்டடங்களைச் சூடாக்கும் நீராவிக் குழாய்கள் செல்லும் சுரங்கவழியே கம்பி இழுத்து, விடுதி தோறும் நலிந்த அலையை ஊட்டினர். அறைகளிலுள்ள வானொலிகள் அதனைப் பற்றின. அறைக்கு அறை பேசத் தொடங்கியது பல்கலைக்கழகம் முழுவதற்கும் உரிய வானொலியாயிற்று. பிற கல்லூரிகளும் பின்பற்றின. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் வாழும்போது, வீட்டளவு அலையே ஓர் ஊரின் குரலாக முடியும் என்பது அன்றே புலனாயிற்று. பின் வந்த பிணக்குகள் யாவற்றிற்கும் வித்து இதுவே.

இனி எப். எம். கதைக்கு வருதல் வேண்டும். ஏனெனில் இன்றைய வீட்டுக் கருவி மத்திய அலையை விட்டு அதனையே பற்றியுள்ளது. அலையின் வீச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலியை ஏற்றுவது பழைய முறை. மின்னலும் மின்மோட்டரும் எழுப்பும் இரைச்சலும் அவ்வாறே வீச்சத்தை அசைப்பதால், பாட்டையும் இரைச்சலையும் பெட்டி பிரித்தறிவதில்லை. எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வீச்சத்தை விடுத்து மீடிறனை அசைத்தார். 1933 டிசெம்பரில் அதற்குரிய காப்புரிமைகளைப் பெற்றார். 1935 நவம்பரில் நியூயோர்க் நகரில் பொறியியலாளர் சபை முன்னிலையில் நண்பரொருவரின் வீட்டிலிருந்து ஒலிபரப்பச் செய்து காட்டினார். பெரிய நிலையமொன்று உலகிற்குச் செய்து காட்டியதன்று, ஒரு வீடு செய்து காட்டியது. குவளையில் நீர் வார்க்கும் ஒலியும் காகிதத்தைக் கசக்கும் ஒலியும் அருகில் நிகழ்வன போலக் கேட்டன என்பர்.

எப். எம். முறைக்கு வேறொரு தன்மை உண்டு. வீட்டு ஒலிபரப்பின் வெற்றி முழுவதும் அதிலேயே தங்கியுள்ளது. ஒரே மீடிறனில் இரண்டு அலைகள் வந்தால் மத்திய அலைப் பெட்டியில் இரண்டும் கலந்து ஊளையிடும். எப். எம். பெட்டியோ வலிய அலையைப் பற்றி மெலிந்ததைக் கைவிட்டுவிடும். தொலைவில் உள்ள ஆயிரம் வாற்று நிலையத்தைவிட, அடுத்த அறையில் உள்ள அணுவளவு கருவி அப்பெட்டிக்கு வலியதாய்த் தோன்றுகின்றது. பெரியவர் உரை தூரத்தில் ஒலிக்க, காதோடு ஒட்டி ஒருவர் கிசுகிசுப்பது போன்றது இது. ஏரியல் கம்பியின் நீளமும் உதவிற்று. மத்திய அலைக்கு முறைப்படி அமைத்தால் ஏறக்குறைய 75 மீற்றர் உயரக் கம்பம் வேண்டும். 100 மெகாசைக்கிள் எப். எம். அலைக்கு 75 சென்ரிமீற்றர் கம்பி போதும். 1947 இல் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதும் வால்வும் வெப்பமும் நீங்கின. கருவி சட்டைப்பைக்குள் புகுந்தது.

ஆம்ஸ்ட்ரோங் இவற்றில் எதனையும் கண்டு மகிழவில்லை. 1945 இல் ஆணைக்குழு எப். எம். ஒலிபரப்பைப் பழைய இடத்திலிருந்து 88 மெகாசைக்கிளுக்கு மேலே மாற்றியதால், விற்கப்பட்டிருந்த பெட்டிகள் யாவும் பயனற்றன. காப்புரிமை வழக்குகள் அவர் செல்வத்தையும் மன அமைதியையும் உண்டன. 1954 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

எப். எம். அலைக்கு அமெரிக்கா பின்னர் வகுத்த எல்லை, 3 மீற்றர் தூரத்தில் மீற்றருக்கு 250 மைக்ரோவோற்று என்பதாகும். ஆற்றலாகக் கணக்கிட்டால் அது ஒரு வாற்றின் ஐந்து கோடியில் ஒரு பங்களவே. ஏக்கலைக் கருவியோடு ஒப்பிட்டால் ஐந்து இலட்சம் கோடியில் ஒன்று. அவ்வாற்றலால் ஏறக்குறைய 60 மீற்றர் வரை கேட்கலாம் என்பது ஆணைக்குழுவின் மதிப்பு. வீடும் வளவும் அதற்குள் அடங்கும்.

பிரித்தானியா இவ்வளவு கூட இசையவில்லை. அந்நாட்டில் 1949 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி அலை பரப்புவதை எவ்வளவு சிறிதாயினும் குற்றமெனக் கொண்டது. கேட்பதற்கே உரிமம் வாங்கிய நாடு அது. வானொலிக்கு மட்டும் உரிய உரிமக் கட்டணம் 1971 இற்றான் ஒழிக்கப்பட்டது. 1964 முதல் கடலில் நின்ற கப்பலிலிருந்து றேடியோ கறலைன் இசை பரப்பி இளைஞரைக் கவர்ந்ததும், 1967 இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றப்பட்டதும் பலர் அறிந்தவை. அந்த அச்சத்தின் நிழல் வீட்டுக் கருவிமீதும் விழுந்தது போலும். 2003 அளவில், கையடக்க இசைக்கருவியின் பாட்டை மோட்டார் வண்டியின் வானொலியிற் கேட்கும் ஐற்றிப் போன்ற சிறு கருவிகள் உலகெங்கும் விலைப்பட்டன. பிரித்தானியாவில் அவற்றைப் பயன்படுத்துவது சட்டவிரோதம், பயன்படுத்தியவரோ பலர். தம் வண்டிக்குள் தம் பாட்டைக் கேட்டவர் குற்றவாளியென நிற்கும் நிலை நெடுநாள் நீடிக்க முடியாது. 2006 டிசெம்பர் 8 ஆந் திகதி முதல், ஒரு வாற்றின் இரண்டு கோடியில் ஒரு பங்கிற்கு, அதாவது 50 நனோவாற்றுக்கு மேற்படாத கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை என விலக்களிக்கப்பட்டது. அமெரிக்கா 1938 இல் கண்ட தத்துவத்தை ஏற்க 68 ஆண்டுகள் சென்றன.

யப்பானின் கதை முற்றிலும் வேறு. 1950 ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம் அங்கே மிக நலிந்த அலையை உரிமத்தினின்றும் விலக்கியிருந்தது. 100 மீற்றர் தூரத்தில் மீற்றருக்கு 15 மைக்ரோவோற்று என்பது அன்றைய எல்லையாயிருந்தது. விளையாட்டுக் கருவிகளுக்கும் வீட்டு ஒலிவாங்கிகளுக்குமாக விட்ட விலக்கு அது. 1980 களின் தொடக்கத்தில் தெற்சுவோ கொகாவா என்னும் எழுத்தாளரும் அவர்தம் மாணவரும் அவ்விலக்கினுள் ஒரு வாயிலைக் கண்டனர். இத்தாலிய நகரங்களில் மக்களே நடத்திய சுதந்திர வானொலிகளின் செய்தி அவர்களைத் தூண்டியிருந்தது. உரிமமோ யப்பானிற் கிடைப்பதரிது. ஆனால் தோக்கியோ நகரில் அரை மைல் வட்டத்திற்குள் பல்லாயிரம் மக்கள் வாழ்கின்றனர். உணர்திறன் மிக்க வண்டி வானொலிகள் சட்டம் அநுமதித்த அலையைச் சில நூறு மீற்றர் தூரத்திலும் பற்றுகின்றன. நாடு முழுவதும் கேட்கவேண்டுமென்று யார் சொன்னது?

இவ்வெண்ணம் தீப்போலப் பரவிற்று. மினி எப். எம். என அதற்குப் பெயர் வந்தது. தேநீர்க்கடை, புத்தகக்கடை, மாணவர் அறை எனப் பல இடங்களில் நிலையங்கள் தோன்றின. 1983 அளவில் சிமோக்கித்தசாவாப் பகுதியிற் கொகாவாவின் மாணவர் தொடங்கிய றேடியோ ஹோம் றன் என்னும் நிலையத்தின் சிறப்பு, அதைக் கேட்டவர் நடந்தே நிலையத்திற்கு வந்துவிட்டமை. கேட்போரும் பேசுவோரும் ஒரே அறையில் அமர்ந்தனர். தொலைவுக்குப் பேசும் கருவி அயலவரை ஒன்றுகூட்டும் கருவியாயிற்று. பலர் எல்லையை மீறி ஆற்றலைக் கூட்டினர் என்பதும் உண்மை. புதுமையின் வேகம் தணிந்ததும் பெரும்பாலானவை ஓய்ந்தன என்பதும் உண்மை. ஆயினும் சட்டம் வீட்டுக்கென விட்டுவைத்த சிறு இடத்தை ஒரு தெரு தனக்கெனப் பெற்றுக்கொண்ட கதை வானொலி வரலாற்றில் நிலைத்துவிட்டது.

யப்பானில் விளையாட்டின் சாயல் இருந்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் அவ்வாறன்று. அங்கே ஏழை மக்களுக்காக அரசு கட்டிய ஜோன் ஹே தொடர்மாடிகளில் வாழ்ந்த கறுப்பின மக்களைப்பற்றி நகரத்துச் செய்தித்தாளும் வானொலியும் பேசியது குறைவு. பேசினால் குற்றச் செய்தியாகவே பேசின. எம்பானா கன்ராக்கோ என்னும் கண்பார்வையற்றவர் 1987 நவம்பரில் தம் குடியிருப்பிலிருந்தே ஒரு வாற்றுக் கருவிகொண்டு ஒலிபரப்பத் தொடங்கினார். இசையும் இருந்தது, வாடகைக் குடியிருப்பாளரின் குறைகளும், காவற்படையினரின் நடத்தைபற்றிய முறைப்பாடுகளும் இருந்தன. ஒரு வாற்று என்பது சிறு மின்சூளின் விளக்களவு. ஆனால் சட்டம் விலக்களித்த அளவினும் அது கோடிமடங்கு பெரிது.

1989 இல் ஆணைக்குழுவின் அதிகாரிகள் வந்தனர். நிறுத்துமாறு பணித்து 750 டொலர் தண்டம் விதித்தனர். சில நாட்கள் ஓய்ந்தபின் கன்ராக்கோ மீண்டும் தொடங்கினார். உரிமம் பெற்றிருக்கலாமே என வினவலாம். பெற வழியில்லை. பத்து வாற்றுக் கல்வி நிலையங்களுக்கு வழங்கிவந்த உரிமத்தை 1978 இல் ஆணைக்குழு நிறுத்திவிட்டிருந்தது. நூறு வாற்றுக்குக் குறைந்த புதிய நிலையம் எதற்கும் இடமில்லை. நூறு வாற்று நிலையம் அமைக்கப் பணமும் பொறியியலாளரும் சட்டத்தரணியும் வேண்டும். ஆகவே மேலே செல்வர்க்கு ஒரு கதவு. கீழே வீட்டுக்கூடத்திற்கு ஒரு கதவு. நடுவே, தன் தெருவோடு பேச விரும்பிய ஏழைக்குச் சுவர். சட்டம் அலையைச் சரியாக அளந்தது. தெருவை அளக்க மறந்துவிட்டது.

அச்சுவரில் மற்றோரும் மோதத் தொடங்கினர். ஆங்காங்கே சிறு நிலையங்கள் தோன்றி, வழக்குகள் பெருகின. 2000 சனவரியில் ஆணைக்குழு தானே முன்வந்து, இலாபநோக்கற்ற சபைகளுக்கு நூறு வாற்றுக்கு மேற்படாத குறைவலு எப். எம். உரிமம் வழங்கும் விதியை ஏற்றது. பெரிய நிலையங்கள் இடையூறு நேருமென எதிர்க்க, சட்டசபை அவ்வாண்டிலேயே அதனைக் குறுக்கிற்று. 2011 சனவரியிற் கையெழுத்தான சட்டத்தால் தடைகள் பல நீங்கின.

இலங்கையில் இம்மாற்றம் அரச ஒலிபரப்பின் உள்ளிருந்தே வந்தது. மகாவலிக் குடியேற்றங்களுக்கென 1981 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தொடங்கிய சமூக வானொலிப் பணியும், 1989 இல் அமைந்த கொத்மலை நிலையமும் ஊரளவு ஒலிபரப்பிற்கு நல்ல உதாரணங்கள். அங்கே கிராமத்தவர் சட்டத்தை மீறவேண்டியிருக்கவில்லை. ஆனால் கதவைத் திறக்கும் திறப்பு கூட்டுத்தாபனத்தின் கையிலேயே இருந்தது.

அண்டை நாடான இந்தியாவில் திறப்பு யாரிடம் என்பதைக்கூட ஓர் இளைஞர் அறியவில்லை. பீகார் மாநிலத்து வைசாலி மாவட்டத்தில் மன்சூர்ப்பூர் என்னும் கிராமம். அங்கே வானொலி திருத்தும் கடை வைத்திருந்த அவ்விளைஞர், ஏறத்தாழ ஐம்பது ரூபா செலவில் ஓர் எப். எம். அலைபரப்பியைத் தாமே அமைத்து, அண்மையிலிருந்த மூன்றுமாடி மருத்துவமனையின் மேல் மூங்கிற் கழியிற் கட்டினார். பாட்டும், ஊர்ச் செய்தியும், காணாமற்போனவர் பற்றிய அறிவித்தலும், நோய்த்தடுப்பு அறிவுரையும் அதில் ஒலித்தன. அயற் கிராமங்கள் கேட்டு மகிழ்ந்தன. 2006 பெப்ரவரியில் பிபிசி அதுபற்றிச் செய்தி வெளியிட்டது. புகழ் சென்றவிடமெல்லாம் சட்டமும் சென்றது. அடுத்த மாதமே உரிமமில்லை எனக் காட்டி நிலையம் மூடப்பட்டது. உரிமம் என்று ஒன்று உண்டென்பதே அவர்க்குத் தெரியாதாம்.

இக்கதைகளைக் கேட்கும்போது உள்ளம் சிறியவர் பக்கமே சாய்கின்றது. அது இயல்பு. ஆயினும் சட்டத்தின் அச்சம் வெறும் கற்பனையன்று. எப். எம். அலைவரிசை 108 மெகாசைக்கிளில் முடிகின்றது. அவ்விடத்திலிருந்தே விமானங்களுக்கு வழிகாட்டும் அலைகள் தொடங்குகின்றன. அவற்றையடுத்து 118 முதல் விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசும் அலைகள். செவ்வனே அமைக்காத கருவி தனக்குரிய மீடிறனில் மட்டும் நிற்பதில்லை. அதன் இருமடங்கிலும் மும்மடங்கிலும், சிலவேளை எதிர்பாரா இடங்களிலும் வேண்டாத அலைகளைச் சிதறும். கூரைமேல் மூங்கிலிற் கட்டிய கருவி தரையிறங்கும் விமானத்தின் காதிற் சென்று முணுமுணுத்தால் அதனைச் சுதந்திரம் என எவரும் கொண்டாடார். ஆற்றல் சிறிதாயினும் அலை தூயதா என்பதே முதலில் நோக்கத்தக்கது. வீட்டிலே அமைப்போர் பலர் இதனை நோக்குவதில்லை. இலங்கையிலும் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் அலைபரப்பும் கருவிகள் அரசின் ஆட்சிக்குட்பட்டவை. கடையில் விற்கின்றார்கள் என்பதனால் மட்டும் ஒரு பொருள் சட்டத்திற்கு இசைந்ததாகிவிடாது.

வீட்டுக் கருவியின் பயன் அண்மைக்காலத்தில் எதிர்பாராத திசையில் திரும்பியுள்ளது. முன்னர் ஒலிபரப்பு மிகுந்திருக்க, அதனை அறைக்கு அறை பங்கிடவே அது வேண்டப்பட்டது. இப்போது பெட்டி இருக்க ஒலிபரப்பு மறைகின்றது. 2017 ஆம் ஆண்டில் நோர்வே நாடு தன் தேசிய நிலையங்களின் எப். எம். ஒலிபரப்பை மாவட்டம் மாவட்டமாக நிறுத்தி, டிசெம்பரில் அப்பணியை முடித்தது. புதிய இலக்கமுறை வானொலியை வாங்காதவர் வண்டிகளிற் பொருத்திய இடைக்கருவிகள் பல, புதிய அலையைப் பற்றி, அதனை நலிந்த எப். எம். அலையாக மாற்றிப் பழைய வானொலிக்கே ஊட்டின. நாடு கைவிட்ட அலை, வண்டிக்குள் மட்டும் உயிர்வாழ்ந்தது. அதே ஆண்டு ஏப்பிரலில் பிபிசியின் தமிழோசை சிற்றலையினின்றும் நீங்கியதைத் தமிழ் நேயர்கள் மறந்திரார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், மின்சாரம் இல்லாத இரவுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி அக்குரலைக் கேட்ட வீடுகள் உண்டு.

இன்று தொலைவிலுள்ள நிலையங்கள் பல இணையவழியே வருகின்றன. அவற்றைக் கைத்தொலைபேசியிற் கேட்கலாம். இளையோர் அவ்வாறே கேட்கின்றனர். ஆயின் திரையைத் தொட்டுத் தேடப் பழகாத விரல்கள் வீட்டில் உண்டு. அவ்விரல்களுக்குத் தெரிந்தது ஒரு திருகு. இடப்புறம் திருப்பினால் ஒலி, வலப்புறம் திருப்பினால் நிலையம். பேரப்பிள்ளை நெருப்புப்பெட்டியளவுக் கருவியைத் தொலைபேசியோடு இணைத்து, வெற்றிடமான ஓரிடத்தில் நிறுத்தி வைக்கின்றது. பழைய பெட்டியின் முள் அவ்விடத்திற்கு வந்ததும், தொலைநாட்டுத் தமிழ்க் குரல் சிறு கரகரப்புடன் எழுகின்றது. அடுப்படியிலும் கேட்கின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து படலையடிக்குச் சென்றால் குரல் தேய்ந்து, வேலிக்கு அப்பால் இரைச்சலாகி விடுகின்றது.